எந்தச் சங்கரலிங்கம்வே?

ரத்தம் எடுக்கவனைக் கண்டா சனம் ரெண்டு பக்கமா ஓடும். பாதிப்பேரு புறவாசல் வழியா வெளிய, மீதிப்பேரு ‘எனக்குச் சர்க்கரை இருக்கான்னு சும்மா பாத்துச் சொல்லும்’னு நம்மளைப் பாத்து.

வீடு வீடா ஏறி இறங்குத சோலி பாக்கவுக எல்லாரும் என் சொந்தக்காரங்கதான். கணக்கெடுக்கவுக, சொட்டு மருந்து ஊத்துதவுக, தவணைக்கு மிக்சி விக்கவுக, இவுகளுக்குத்தான் என் பாடு விளங்கும். நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில, மரபணு ஆராய்ச்சிப் பிரிவுல லேப் டெக்னீசியன். வகுப்புல பிள்ளைகளுக்கு மிஷினைக் காட்டுவேன். மத்த நேரம் ஆத்தங்கரை ஊரெல்லாம் ஊசியும் ஐஸ்பெட்டியுமா அலைவேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரு பேசினாலும் கொஞ்ச நேரத்துல அவுக குரல் என் வாயில ஏறி உக்காந்துரும். அதனால கீழ வாரதை வாசிக்கும்போது என் குரலை நினைக்காதீங்க, அவுகவுக குரலையே நினைச்சுக்கிடுங்க.

எங்க தலைவி கோயமுத்தூர்க்கார டாக்டரம்மா. திட்டினாக்கூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவாங்க. நாங்க மேடம்னுதான் கூப்பிடுவோம். அவுக தூக்கத்தைக் கெடுத்தது சேரன்மாதேவிப் பக்கத்துல இசக்கின்னு ஒரு பிள்ளை. ஆறு வயசு. பிறவியிலயே உடம்புல நோய் எதிர்ப்பு கிடையாது. ஒரு தும்மல் வந்தா ஆஸ்பத்திரி, ஒரு மழை பெஞ்சா ஐ.சி.யூ. வேற ஒருத்தரோட எலும்பு மஜ்ஜையில இருந்து செல்லை எடுத்து இவ உடம்புல குடிவச்சாப் பிழைப்பா. ஆனா அந்த ஒருத்தரோட ரத்தம் இவளுக்கு அச்சாப் பொருந்தணும். அம்மாவுக்குப் பொருந்தல, அப்பாவுக்குப் பொருந்தல, தம்பிக்கும் பொருந்தல. “இன்னொரு மழைக்காலம் தாங்குவாளான்னு தெரியலீங்ண்ணா”ன்னு மேடம் சொன்னாங்க. என் வாய்க்கு வராத ஒரே குரல் அன்னிக்கு அவுக பேசின அந்தக் குரல்தான்.

மரம் வரையப் போனது

சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்ட குடும்பத்துல, கூடப்பிறந்தவனுக்குப் பொருந்தலேன்னாலும் ஒரு பெரியப்பனுக்கோ மாமனுக்கோ பொருந்த வாய்ப்பு உண்டு. அதனால குடும்ப மரம் வரையணும். ஆணுக்குச் சதுரம், பொண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குக் கோடு, சொந்தத்துல கல்யாணம்னா ரெட்டைக்கோடு. இசக்கியோட அப்பா கணேசனும் அம்மா செல்வியும் அத்தை மகன், மாமன் மகள். அதுக்கு முந்தின தலைமுறையும் அப்படித்தான். செல்வி சொல்லச் சொல்ல ரெட்டைக்கோடு போட்டுப் போட்டு என் பேனா மை தீந்துட்டு. மேடம் எட்டிப் பாத்து, “இது மரமுங்களா, மீன் வலைங்களா?”ன்னாங்க.

அது மட்டுமா? செல்வியோட தாத்தா பேரு சங்கரலிங்கம். அவரு பெத்த ஒவ்வொரு பிள்ளை வீட்டுலயும் மூத்த பேரனுக்குத் தாத்தா பேரு. நெட்டை சங்கரலிங்கம், வாத்தியார் சங்கரலிங்கம், ஒர்க்ஷாப் சங்கரலிங்கம்! கணேசன் ரெண்டாவது பிள்ளை, அதனால தப்பிச்சான். ஒரு சதுரத்தைக் காட்டி, “இது எந்தச் சங்கரலிங்கம்மா?”ன்னு கேட்டேன். “ஏரல் அத்தான். அவுகளை விட்டுருங்க”ன்னா செல்வி. கணேசன் துண்டை உதறிட்டு வெளிய போயிட்டான்.

நெட்டைதான் என்னைத் தனியாத் தள்ளிட்டுப் போயி சொன்னான். அவன் செல்விக்கு அண்ணன் முறை. ஆறடி ஆளு, மீசையே ஒரு முழம் இருக்கும். “செல்விக்கு ரெண்டு அத்தை சார். ஏரல்காரன் மூத்த அத்தை மகன், கணேசன் இளைய அத்தை மகன். முறைப்படி மூத்தவனுக்குத்தான் கட்டணும். இவ இளையவனைத்தான் கட்டுவேன்னு நின்னுட்டா. அன்னையோட அவன் இந்த வாசலை மிதிக்கல. ரெண்டு பேரும் அண்ணன் தம்பி முறை, ஒரு பேச்சு கிடையாது.” பிள்ளை உசிருக்காகவும் வரமாட்டாரான்னு கேட்டேன். நெட்டை மீசையைத் தடவிக்கிட்டு சொன்னான்:

“கூப்பிட்டா வருவான் சார். கூப்பிடத்தான் இந்த வீட்டுல எவனுக்கும் வாயி கிடையாது.”

தெருநாய்ப் பாடம்

சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஒரே நாள்ல ரத்தம் எடுக்க ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடிச்சோம். எதுக்கு எடுக்கோம்னு விளக்கிச் சொல்லாம ஊசி தொடக்கூடாதுங்கது மேடத்தோட சட்டம். அவுக படம் போட்டு விளக்கினாங்க. சனம் மின்விசிறியைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் மைக்கை வாங்கினேன்.

“உங்க தெரு நாய் உங்களைப் பாத்தா என்ன செய்யும்?” நானே வாலை ஆட்டிக் காட்டினேன். “வெளியூர்க்காரன் வந்தா?” மண்டபம் அதிர ஒரு குரைப்பு! முன்வரிசைப் பிள்ளை வீல்னு கத்திட்டு. “நம்ம ரத்தத்துலயும் காவல்நாய் உண்டு. வாசனையை வச்சு இவன் நம்ம ஆளு, இவன் வேத்தாளுன்னு கண்டுபிடிக்கும். இசக்கி உடம்புல நாயே இல்ல. வேற தெருவுல இருந்து கொண்டாந்து விடணும். ரெண்டு தெருவுக்கும் வாசனை ஒண்ணா இருந்தா காவல் காக்கும். இல்லேன்னா வீட்டு ஆளையே கடிச்சுக் குதறிரும். அதான் ஒரே வாசனை உள்ள தெருவைத் தேடுதோம்.”

இப்பப் பாத்தா சனம் ஒருத்தரை ஒருத்தர் மோந்து பாக்காத குறைதான்! மேடம் காதுகிட்ட வந்து, “ஏனுங்ண்ணா, இனி அந்த வகுப்பை நீங்களே எடுத்துக்கங்க”ன்னாங்க. நான் நெஞ்சை நிமித்துததுக்குள்ள பின்வரிசையில ஒரு அக்கா எந்திரிச்சு, “எங்க தெரு நாய் எங்களையேல்லா கடிக்கி, அதுக்கு என்ன ஊசி?”ன்னு கேட்டா. அப்படியும் ஒரு வியாதி வகை உண்டு, அதை எப்படிச் சொல்லன்னு நான் வாயைத் திறக்கேன், பக்கத்துல இருந்தவ முந்திக்கிட்டா:

“ஏட்டி, ஒரு நாளு ஒரு வாய் சோறு வச்சிருப்பியா? கடிச்சதை மட்டும் சொல்ல வந்துட்டா!”

மாப்பிள்ளை அறையில

ரத்தம் எடுக்க எனக்குக் குடுத்த இடம் மண்டபத்து மாப்பிள்ளை அறை. வெளிய திருவிழாக் கூட்டம், உள்ள நானும் ஊசியும். ஒவ்வொரு பேராக் கூப்பிடுதேன். “சங்கரலிங்கம்!”னு கத்தினா நாலு பேரு ‘வந்துட்டேன்’ங்காங்க. வீட்டுப் பேரையும் சேத்துக் கூப்பிட்டு ஒவ்வொருத்தரா உள்ள விட்டோம்.

நெட்டை முறை வந்துச்சு. சமையக்கட்டு வாசல் வழியா ஒரு ஆளு விறுவிறுன்னு உள்ள வந்து உக்காந்தாரு. சட்டையெல்லாம் வாழைக்கறை. நான் டியூப்புல பேரு ஒட்டுத அவசரத்துல நிமிந்து பாக்கல. ஆதார் அட்டையை நீட்டினாரு. அப்பத்தான் முகத்தைப் பாத்தேன். அட்டையில இருந்த மூஞ்சி அவரு மாதிரியும் இல்ல, வேற யாரு மாதிரியும் இல்ல. “இது நீங்கதானா?”ன்னேன். “அந்தப் போட்டோவைப் பாத்து எங்க அம்மையே ‘யாருலே இது’ன்னா”ன்னாரு. நியாயம்தானே, என் அட்டையும் அப்படித்தான். நெட்டையை நான் ஒரே தடவை, அதுவும் நின்னுக்கிட்டு இருக்கப்பப் பாத்ததுதான். உக்காந்தா எல்லாரும் ஒரே உயரம்னு விட்டுட்டேன். மீசை இல்லியேன்னு கேக்கத் தோணிச்சு. எடுத்திருப்பாருன்னு நினைச்சுக்கிட்டேன்.

கை என்ன கை! நரம்பு கிணத்துக் கயிறு மாதிரி. ஊசி ஏறும்போது முகம் சுளிக்கல. “பிள்ளை இப்ப எப்படி இருக்கா?”ன்னு ஒரே ஒரு கேள்வி. சுமாராத்தான் இருக்கான்னேன். சட்டைக்கையை இன்னும் மேல சுருட்டி விட்டுட்டுச் சொன்னாரு:

“எம்புட்டு வேணுமோ எடும்வே, பாத்துப் பாத்து எடுக்காதீரு.”

பத்துக்குப் பத்து

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாப்போம்லா, மஜ்ஜைக்கும் பத்துதான்! நம்புங்க, மேடம் பலகையில எழுதிக் காட்டுவாங்க. பத்துக்கு அஞ்சு, பத்துக்கு ஆறுன்னு ஒவ்வொரு சொந்தமா உதிந்துக்கிட்டே வந்துச்சு. நானும் பிள்ளைகளும் திரையைப் பாத்துப் பாத்து கண்ணு பூத்துப் போச்சு.

ஒரு நாளு மத்தியானம் மேடம் அறைக்குள்ள இருந்து ஒரு சத்தம். மிஷின் வெடிச்சிட்டுன்னு நினைச்சு ஓடினேன். மேடம் நாற்காலி மேல நிக்காங்க! “பத்து! பத்துக்குப் பத்து! ஏய், பொருந்திருச்சு!” ‘ங்க’ எங்க போச்சுன்னு தெரியல. பிள்ளைங்க விசிலடிக்க, நான் நாதஸ்வரம் மாதிரி வாயால ஊத, வாட்ச்மேன் உள்ள வந்து யாருக்குக் கல்யாணம்னு கேட்டுட்டுப் போறாரு. திரையில இருந்த பேரு சங்கரலிங்கம், நெட்டை.

ஊருக்குச் சேதி போச்சு. வெடி போட்டாங்க, நெட்டைக்கு மாலை போட்டாங்க, தோள்ல தூக்கிட்டு வந்தாங்க. ஆறடி ஆளு தோள் மேல இருக்கதால கரண்டு கம்பியில முட்டிராம நாலு பேரு கத்திக்கிட்டே வந்தாங்க. செல்வி ஓடி வந்து அவன் காலைப் பிடிச்சு, “அண்ணே, எம் பிள்ளைக்கு நீதான் சாமி”ன்னு அழுதா. மாலைக்குள்ள இருந்து நெட்டை மெள்ள வாயைத் திறந்தான்:

“கொஞ்சம் தண்ணி தாங்களேன்... தலை சுத்துது.”

பேரு மாறலேல்லா

எம்புட்டுப் பொருந்தினாலும் ரெண்டாவது தடவை ரத்தம் எடுத்துச் சரிபாக்காம மேல போகமாட்டோம். நெட்டையை நாலு பேரு பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. நான் ஊசியைப் பிரிக்கேன், தொப்புன்னு ஒரு சத்தம். ஆளு தரையில. தண்ணி தெளிச்சு, படுக்கப்போட்டு எடுத்தோம். முடிவு வந்துச்சு. பத்துக்கு மூணு.

மேடம் மிஷினைத் திட்டினாங்க, என்னைத் திட்டினாங்க, திரும்பவும் ஓட்டிப் பாத்தாங்க. அதே மூணு. செல்விக்குப் போன் போட எவனுக்கும் தைரியம் இல்ல. எனக்கு மட்டும் ஒண்ணு உறுத்துச்சு. அன்னிக்கு முகம் சுளிக்காம இருந்த ஆளு இன்னிக்கு ஊசியைப் பாத்ததும் விழுவானா? மீசை இதுக்குள்ள இம்புட்டு வளருமா? பஸ் ஏறிப் போனேன். பத்தமடைக்கு ரோடு பிரியுத விலக்குல, டீக்கடையில நெட்டையைப் பிடிச்சுட்டேன். தோளைப் பிடிச்சு உலுக்கினதும் உண்மையைக் கக்கிட்டான்.

“எனக்குச் சின்னதுல இருந்தே ஊசின்னா ஆகாது சார். அன்னிக்கு மண்டப வாசல்ல வாழைத்தார் லாரியோட ஏரல் மாப்ளே நின்னுக்கிட்டு இருந்தான். உள்ள வராம எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே நிக்கான். பைய கூப்பிட்டு அட்டையைக் குடுத்து, எனக்காகப் போய் உக்காந்துட்டு வாடேன்னு சொன்னேன். மறுபேச்சு பேசாமப் போயிட்டான்.” எனக்குக் கோவம் தலைக்கு ஏறுது, சந்தோசம் அதுக்கு மேல ஏறுது! “ரத்தத்துல ஆள்மாறாட்டம் பண்ணியிருக்கியே, கூறு இருக்கா உனக்கு?”ன்னு கத்தினேன். நெட்டைக்கு ரோசம் வந்துட்டு:

“என்ன சார் ஆள்மாறாட்டம் அது இதுன்னு பெரிய பெரிய வார்த்தை பேசுதீங்க, பேரு மாறலேல்லா!”

ஏரல் மண்டி

மேடம்ட்ட சொன்னேன். “சம்மதம் வாங்காம எடுத்த ரத்தமுங்க, அதைத் தொடவே கூடாதுங்க!”ன்னு குதிச்சாங்க. அடுத்த மூச்சுல, “வண்டியை எடுங்க, ஏரலுக்கு!”ன்னாங்க. வழியெல்லாம் எனக்குப் பாடம். குடுக்கவரு தன் இஷ்டத்துக்குத்தான் முடிவு எடுக்கணும், சொந்தக்காரங்க யாரும் நெருக்கக்கூடாது, அதனால செல்வி வீட்டுல மூச்சு விடாதீங்க.

ஏரல் சங்கரலிங்கம் வாழைமண்டியில தார் தூக்கிக்கிட்டு இருந்தாரு. அதே கை, அதே நரம்பு! மேடம் எல்லாத்தையும் சொன்னாங்க. இவரோட அப்பா அம்மாவும் அத்தை மகன் மாமன் மகள்தான், அதனால இசக்கிக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்த அதே அடையாளம் இவருக்கும் ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்திருக்கு. திரும்பவும் ஒரு தடவை ரத்தம் எடுத்து உறுதி பண்ணணும். மஜ்ஜைச் செல்லை ரத்தத்துக்கு வரவைக்கச் சில நாள் ஊசி, அப்புறம் ரெண்டு கையிலயும் குழாய் மாட்டி மிஷின்ல செல்லைப் பிரிக்கது. உடம்பு வலிக்கும். வேண்டாம்னா வேண்டாம், யாருக்கும் தெரியாமப் பாத்துக்கிடுதோம். அவரு தாரை இறக்கி வச்சுட்டு, “எல்லாம் சம்மதம்”ன்னாரு. மேடத்துக்குக் கண்ணு கலங்கிட்டு. “ஆனா வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடாம அந்தப் பிள்ளைக்குப் பக்கத்துல நான் வரமாட்டேன்”னு அவரு சேத்துக்கிட்டாரு.

“நாங்க அவங்ககிட்டச் சொல்லி உங்களை நெருக்கக்கூடாதுங்க, விதி இருக்குதுங்க”ன்னாங்க மேடம். “மேடம், அவுக இவரை நெருக்கல, இவருல்லா அவுகளை நெருக்குதாரு! அதுக்கு விதி உண்டா?”ன்னேன் நான். மேடம் பையில இருந்த விதிக் காகிதத்தைப் பக்கம் பக்கமாப் புரட்டினாங்க. கடைசியில அவரே கேட்டாரு:

“அம்மா, வேண்டாம்னு சொல்ல உரிமை உண்டுங்கீங்க, என்னைய முறையாக் கூப்பிடுங்கன்னு சொல்ல உரிமை இல்லியாக்கும்?”

தாம்பாளம்

ஏரல்காரரே சொல்லச் சொன்னதால, நெட்டை பண்ணின கூத்தையும் இவரு கேட்டதையும் மேடம் செல்விட்ட சொல்லிட்டாங்க; முடிவு வாரதுக்கு முந்தியே அவ கிளம்பிட்டா. ஏரல்காரரு ரத்தத்தைத் திரும்ப எடுத்து ஓட்டிப் பாத்து, பத்துக்குப் பத்துன்னு மேடம் போன்ல கத்தினப்ப அவ ஏரல் பஸ்ஸுல இருந்தா. தாம்பாளத்துல வெத்தலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம். நானும் கணேசனும் கூடப் போனோம், ஆனா அவன் மண்டிக்குள்ள காலெடுத்து வைக்கல. லாரிக்குப் பின்னால நின்னு டயரை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தான்.

“அத்தான், இசக்கிக்கு நீங்க வரணும்”னா செல்வி. அவ்வளவுதான். பழைய கதை ஒண்ணும் யாரும் பேசல. அவரு தாம்பாளத்தை ரெண்டு கையால வாங்கினாரு. சுமை தூக்கவங்க எல்லாம் அப்படியே நிக்காங்க. அவரு அந்தச் சீப்பை மட்டும் தூக்கி, திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பழம் பாதி கல்லு, பாதி கொழகொழ. லாரிப் பக்கம் கேக்குத மாதிரி, என்னைப் பாத்துச் சொன்னாரு:

“ரத்தக்கார அண்ணாச்சி, வாழைமண்டிக்கு இந்தப் பழத்தை வாங்கிட்டு வந்த மகராசன் யாருன்னு நான் கேக்கலைன்னு சொல்லும்வே.”

கொஞ்சம் தெக்க

சென்னையில பெரிய ஆஸ்பத்திரி. இசக்கி கண்ணாடி அறைக்குள்ள, செல்வி அவகூட. ஏரல்காரருக்கு ரெண்டு கையிலயும் குழாய், மடக்கவே கூடாது. பக்கத்துல துணைக்கு ஒரே ஆளைத்தான் விடுவாங்க. வேற ஆளு இல்லாம கணேசன் உக்காந்திருக்கான். ஒருத்தரு மிஷினைப் பாக்காரு, ஒருத்தன் கூரையைப் பாக்கான். மிஷின் மட்டும் ‘கிர்ர்... டொக், கிர்ர்... டொக்’னு பேசிக்கிட்டு இருக்கு. நான் கதவுக் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டு நிக்கேன்.

ஏரல்காரருக்கு மூக்கு லேசா ஆடுச்சு. உதட்டை மேல சுருட்டினாரு. ‘ஃபூ’ன்னு ஊதினாரு. தலையைத் தோளுக்குக் கொண்டு போனாரு, எட்டல. தலையணையில தேச்சாரு, படல. கணேசன் இதெல்லாம் பாத்தும் பாக்காம இருக்கான். கடைசியில மனுசன் கண்ணுல தண்ணியே வந்துட்டு. “ஏலே!”ன்னாரு. இத்தனை வருசத்துல முத வார்த்தை! “மூக்கைச் சொறிலே!” கணேசன் துள்ளி எந்திரிச்சு, ஒரு விரலால பட்டும்படாமத் தொட்டான். “அங்கன இல்லலே! கொஞ்சம் தெக்க! தெக்கலே, கோட்டிக்காரப் பயலே!” கணேசன் நாலு சுவத்தையும் சுத்திச் சுத்திப் பாத்தான். அப்படியே அழுகையும் சிரிப்புமா உடைஞ்சு போயி சொன்னான்:

“நம்ம ஊருன்னா ஆத்தை வச்சுத் தெக்கைச் சொல்லிருவேன், இந்த ரூமுக்குள்ள தெக்கு எங்கன்னு நான் யாருட்டண்ணே கேப்பேன்?”

யாருக்கு ஊசி

புதுசாப் போன செல் வேர் பிடிக்குதான்னு நாங்க எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம். ஒரு வாரம் ஏறும், மறுவாரம் இறங்கும். மேடம் சாப்பிடுதாங்களான்னு நாங்க பாக்கணும். பையப் பைய ஏறி நின்னுச்சு. மழைக்காலம் வந்துச்சு, ஆத்துல வெள்ளம் வந்துச்சு, இசக்கி வீட்டுல இருந்தா! எங்க லேப்புல பாத்தா அவ ரத்தத்துல ஓடுதது முழுக்க ஏரல்காரரு செல்லு. பிள்ளைங்க அந்த முடிவைப் பெரிசா அச்சடிச்சு வகுப்புச் சுவத்துல ஒட்டிட்டாங்க, பேரு இல்லாமத்தான், மேடம் சட்டம்.

போன வாரம் வழக்கம்போல ரத்தம் எடுக்கப் போனேன். மருந்துல கொட்டின தலையில புதுசா முடி, கன்னத்துல சதை. அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து வாழைக்காய் விலையில சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. நான் பெருமையா, “இசக்கி, இப்ப உனக்குள்ள ஓடுதது யாரு ரத்தம் தெரியுமா? உங்க பெரியப்பா ரத்தம்!”னேன். அவ ஊசியைப் பாத்தா, பெரியப்பாவைப் பாத்தா. நீட்டின கையை வெடுக்குன்னு முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டா:

“அவுக ரத்தம்னா ஊசியை அவுகளுக்குப் போடும், எங்கிட்ட எதுக்கு வாரீரு?”

ரத்தத்தை உறிஞ்சி எடுக்கது லேசு மக்கா, அது யாருதுன்னு சொந்தக்காரங்க ஒரு முடிவுக்கு வாரதுக்குள்ளதான் நமக்குத் தலை நரைச்சுப் போவுது.